அண்ணன் அப்பாவோடு இருக்கிறான்

நவம்பர் 28

வாண்டின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் "நலத்துக்கு என்ன குறைச்சல்" என்று ஒரு குத்து வைப்பாய். ஆகவே கேட்கவில்லை. நான் இருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் எங்கள் கடையின் கிறிஸ்துமஸ் ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். ஒரு மாதமாகக் கண்ணாடியின் உள்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி, அதன் மறைவில் வேலை. தச்சு வேலைக்கு நான், விளக்குகளுக்கு ஒருவர், பொம்மைகளுக்குத் துணி தைக்க இரண்டு பெண்கள், எங்கள் எல்லாரையும் விரட்ட ஒரு மேலாளர் அம்மா. விரித்த வெள்ளைத் துணியில் தடம் விழக்கூடாது என்று எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே போகவேண்டும். என் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்ப்பதை அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். "கரடி பொம்மையே உங்களைவிட ஒழுங்கா உடுத்தியிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று வைத்துக்கொள்.

இந்த வருஷம் காட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம். கரடி வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே திரும்புவார். சேட்டை பண்ணிக்கொண்டிருக்கும் முயல் பிள்ளைகள் சட்டென்று பெஞ்சுக்குக் கீழே அமுங்கிவிடும். திரும்புகிற கழுத்தும் அமுங்குகிற பெஞ்சும் நான் செய்தவை. தாளைக் கிழித்ததும் வெளியே நின்ற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டார்கள். நான் உள்ளே ஒரு மூலையில் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். வரிசையாக மூக்குகள். அதில் வாண்டின் மூக்கைத் தேடினேன். அவள் இந்த ஊரிலேயே இல்லை என்று தெரிந்தும் தேடினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு வாண்டை என்னிடம் அனுப்பு. ஒரு வாரம் போதும். டிசம்பர் வந்தால் இந்த ஊர் பிள்ளைகளுடையது. கூரையில்லாத மாடி பஸ் ஒன்று விளக்குத் தெருக்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறது. குளிருக்குப் போர்வையும் தருகிறார்கள். சதுக்கத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பென்குயினைக் கொடுப்பார்கள், அதைத் தள்ளிக்கொண்டே போகவேண்டியதுதான். நூலகத்தில் பொம்மலாட்டம். பூங்காவில் குட்டி ரயில். சாயங்காலம் ரயில் நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறார்கள், வீட்டுக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு ரயிலை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள்.

இதெல்லாம் பெரியவனுக்குக் காட்டவேண்டும் என்று விசாரித்து வைத்தவை. போன டிசம்பரில் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு இறக்கவே முடியவில்லை. வருகிற பத்தொன்பதோடு அவன் போய் ஒரு வருஷம். அவளையாவது கூட்டிப் போகிறேனே.

போன் பண்ணினால் எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் வாண்டிடம் கொடுப்பதில்லை. என்மேல் இருக்கும் கோபத்தை என்னிடம் காட்டு. அவள் குரல் எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது. கடிதத்துக்காவது பதில் போடு.

பிள்ளைகளின் அப்பா


டிசம்பர் 2

வாண்டின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. பஸ் கம்பெனி விளம்பரத்தைப் படித்த மாதிரி இருந்தது. போர்வை தருவார்கள், பென்குயின் தருவார்கள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம், அதில் ஒரு வராந்தா, அதில் ஒரு பெஞ்சு. உங்கள் விளக்குத் தெருக்களை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

வாண்டு வரமாட்டாள். அவளுக்குச் சளி. பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் வேறு கட்டுகிறாள். ஷூ சின்னதாகிவிட்டது. கூட்டி வர ஆளும் இல்லை. எனக்கு டிசம்பரில் பேக்கரியில் நிமிர நேரம் கிடையாது.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கேக்கின்மேல் க்ரீமில் பெயர் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் மகனுக்குப் பிறந்தநாள் என்று வந்தார். சொன்ன பெயர் நம் பெரியவன் பெயர். வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். நானே எழுதினேன். பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, மாவு மூட்டை அடுக்கியிருக்கிற அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்தக் கடைசி வாரம்தான் வருகிறது. "வீட்டுக்குப் போலாம்மா, வீட்டுக்குப் போலாம்மா" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "இன்னொரு மருந்து இருக்குன்னு டாக்டர் சொல்றார், கொஞ்சம் பொறு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் அந்த ஊரிலேயே அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். இதையே திரும்பத் திரும்ப எழுதாதே என்று தங்கை சொல்கிறாள். எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

குழந்தையை அனுப்ப முடியாது. இதோடு விட்டுவிடுங்கள்.

வாண்டின் அம்மா


டிசம்பர் 5

வாண்டின் அம்மாவுக்கு,

சளி, நாடகம், ஷூ, ஆள் இல்லை. ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நாலு சொன்னதால்தான் நம்ப முடியவில்லை.

கூட்டி வர ஆள் இருக்கிறது. சகலைக்குச் சைக்கிள் கம்பெனி நடத்துகிற ஒரு வாரப் பயிற்சி இந்த ஊரில்தானாம். பதினேழாம் தேதி வருகிறார், இருபத்து நாலாம் தேதி திரும்புகிறார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வாண்டு உன் பக்கத்தில் இருப்பாள். நேற்றே அவருடைய சைக்கிள் கடைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டேன். "எனக்கென்ன அண்ணா, தாராளமா கூட்டிட்டு வரேன். அண்ணிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எனக்கு அவங்களைப் பார்த்தா பயம்" என்றார். இதோ சொல்லிவிட்டேன்.

கோடையில் அவ்வளவு தூரம் வந்து உன் தங்கை வீட்டு வாசலில் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தை பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருக்கிறாள் என்று தங்கையை விட்டுச் சொல்லவைத்தாய். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வாண்டை நீ மட்டும்தான் பெற்றாயா?

ஆமாம், இன்னொரு மருந்து என்று சொன்னது நான்தான். நம்பினேன். அவனைப் பெற்ற அப்பன் நம்பாமல் வேறு யார் நம்புவது? அந்த மருந்து கேட்டிருந்தால் இன்றைக்கு இதே நாக்கால் என்னைக் கொண்டாடியிருப்பாய். கேட்கவில்லை. அதற்காக நான் கொலைகாரன் ஆகிவிட்டேனா? இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் இழந்தோம். நீ மட்டும் அழுகிறாய், நான் இங்கே பெஞ்சுக்கு ஆணி அடிக்கிறேன் என்று நினைப்பு உனக்கு.

என் அறை சின்னதுதான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. கட்டில் அவளுக்கு, தரை எனக்கு. பத்தொன்பதாம் தேதி காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். தன் கையால் அண்ணனுக்குப் பூ வைக்கட்டும். அவளுக்கும் எட்டு வயதாகப்போகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் பார்க்கவேண்டாமா?

பிள்ளைகளின் அப்பா


டிசம்பர் 8

கல்லறைக்கு அவளைக் கூட்டிப் போகாதீர்கள். அவளுக்குத் தெரியாது.

பெரியவன் போய்விட்டான் என்று வாண்டுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவனை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு நான் பஸ்ஸைவிட்டு இறங்கித் தங்கை வீட்டு வாசலுக்கு வந்ததும் வாண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எங்கம்மா?" என்றாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணன் அப்பாகூட இருக்கான்" என்று வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல். இப்படியே போய்விட்டது.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே தங்கியது எதற்கு என்று நினைத்தீர்கள்? அங்கே தெருவுக்கே தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் என்னைத் திட்டிப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள், ஓய்ந்துவிட்டார்கள். அண்ணனுக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது, போனில் பேசினால் இருமல் வரும், அதனால் டாக்டர் பேசக்கூடாது என்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. நீங்கள் போனில் வந்தால் முதல் கேள்வி "அண்ணன்கிட்ட குடுங்க" என்றுதான் கேட்பாள். போனைத் தராததற்கும் கோடையில் உங்களை வாசலோடு அனுப்பியதற்கும் காரணம் அதுதான். கோபம் இல்லை என்று சொல்லவில்லை. அது தனியாக இருக்கிறது.

எதை வாங்கிக் கொடுத்தாலும் இரண்டாக வேண்டும் அவளுக்கு. ஒன்று அண்ணனுக்கு. மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள். எறும்பு வந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். படுக்கப் போகுமுன் முட்டி போட்டு "அண்ணனுக்குச் சீக்கிரம் குணமாகணும் சாமி" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறேன். ஒரு வருஷமாகச் சொல்கிறேன்.

நீங்கள் சைக்கிள் கடைக்குப் போன் போட்டபோது அவள் அங்கேதான் டயரில் உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து பை கட்டுகிறாள். டப்பா பையின் அடியில் இருக்கிறது.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாண்டின் அம்மா


டிசம்பர் 10

வாண்டின் அம்மாவுக்கு,

படித்தேன். கடையின் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். விளக்குக்காரர் என் கையிலிருந்த உளியை வாங்கி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார். எந்த வீட்டுக்கு?

என் மகன் ஒரு வருஷமாக உன் வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறான். அவனுக்கு மிட்டாய் எடுத்து வைக்கிறார்கள், அவனுக்காக ஜெபம் பண்ணுகிறார்கள். இங்கே நான் ஒருவனாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குப் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. உன்மேல் வருவது கோபமா பொறாமையா என்று எனக்கே தெரியவில்லை. நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவ்வளவு மோசமாக இருக்கிறேன்.

அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை ஒருநாள் சொல்லும், அது நன்றாக இருக்காது. நீயும் கிளம்பி வா. இரண்டு பேரும் அவள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சொல்வோம். நீ சொல்லவேண்டாம், நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

பிள்ளைகளின் அப்பா


டிசம்பர் 14

வாண்டின் அப்பாவுக்கு,

நான் வரமாட்டேன். அந்த ஊருக்கு வர என் கால் எழாது. முயற்சி பண்ணாமல் சொல்லவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் போய், சீட்டு வாங்குகிற ஜன்னல் முன்னால் நின்று, திரும்பி வந்தேன்.

அவளை அனுப்புகிறேன். அனுப்பாமல் இருக்க வழியில்லை. சைக்கிள் கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் தனியாகப் பேசி முடித்துவிட்டாள். "அம்மா வேலை வேலைன்னு இருப்பாங்க, நாம கிளம்பிடலாம்" என்றாளாம். யாருடைய பிடிவாதம் என்று கேட்கவேண்டாம், உங்களுடையதுதான்.

ஆனால் சொல்லாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். அண்ணனைக் குணமான பிள்ளைகளோடு எங்கோ டூர் கூட்டிப் போயிருக்கிறார்கள், வர நாளாகும் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் ஏற்றுங்கள், ரயிலில் ஏற்றுங்கள், எழுதினீர்களே அத்தனையும் காட்டுங்கள். சந்தோஷமாகத் திரும்பி வரட்டும். கிறிஸ்துமஸ் முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும், நானே சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் ஆரம்பித்ததை நான்தான் முடிக்கவேண்டும்.

பேசுகிறபோது அவள் உங்கள் கண்ணையே பார்ப்பாள். வேறெங்காவது பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

வாண்டின் அம்மா


டிசம்பர் 24

வாண்டின் அம்மாவுக்கு,

இதைச் சகலையிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாண்டு வாய் திறக்குமுன் நீ இதைப் படித்துவிடவேண்டும், கையிலேயே கொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

வந்த அன்றைக்கு அவள் என்னைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். ஒளிந்துகொண்டிருக்கிறானாம். "வெளிய வாடா, எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். நீ சொல்லிக் கொடுத்த டூரைச் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் பூங்காவுக்குப் போனோம். குட்டி ரயிலில் ஏறமாட்டேன் என்றாள். "அண்ணன் வந்ததும் சேர்ந்து ஏறுறேன்." சறுக்குத் தளத்துக்குப் போனோம், பென்குயினைத் தொடக்கூட இல்லை. மாடி பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. இந்த ஊரில் ஒரு குழந்தை சந்தோஷப்பட என்னென்ன உண்டோ அத்தனை வாசலிலும் நாங்கள் நின்றுவிட்டுத் திரும்பினோம். பஸ்காரர் என்னைப் பார்த்து, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அறைக்கு வந்ததும் மிட்டாய் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, மூடியைத் துடைத்தாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை, கடை திறக்குமுன், ஜன்னலில் ஒரு பல்பு மாற்றவேண்டியிருந்தது. அவளையும் கூட்டிப் போனேன். மேலாளர் அம்மா பார்த்தும் பார்க்காதது மாதிரி போய்விட்டார். காலுறையோடு உள்ளே நுழைந்ததும் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. முயல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். "அண்ணன் இங்க உக்காந்தா கரடி எழுதறது தெரியுமா, தலை மறைக்குமா?" என்றாள். நான் ஏணியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணன் டூர் போகலம்மா. அண்ணன் செத்துப்போயிட்டான். போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே" என்றேன்.

அவள் காலுறையில் ஒட்டியிருந்த பஞ்சுப் பனியை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். அப்புறம், "வலிச்சுதா?" என்றாள். கடைசியில் வலிக்கவில்லை என்றேன். அது உண்மைதான், உனக்கும் தெரியும். "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" இருந்தேன் என்றேன். அடுத்து என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா ஊருக்குத் திரும்பி வந்தப்புறமா செத்தான்?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "அப்போ அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அண்ணன் அப்பாகூட இருக்கான்னு சொல்லியிருப்பாங்களா? அம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சொல்லிடாதீங்கப்பா. அம்மா தாங்க மாட்டாங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? இல்லை, அம்மாவுக்குத் தெரியும் என்றால் உன்னைப் பொய்க்காரி ஆக்கவேண்டும். ஒரு காலையில் அவளிடமிருந்து அண்ணனையும் எடுத்து அம்மாவையும் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் பொய்யில் நானும் பங்காளி ஆகிவிட்டேன். இனி உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்றைக்கே கல்லறைக்கும் போனோம். டப்பாவை அங்கே வைத்தாள். மரத்தடியில் நின்று அழுதாள், நானும் அழுதேன்.

ஆச்சரியம் அதற்கப்புறம்தான். மறுநாள் எழுந்ததும், "எல்லாத்துக்கும் போகணும்" என்றாள். குட்டி ரயிலில் ஏறினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள். பென்குயினைத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தாள். "அண்ணனா இருந்தா எந்தப் பக்கம் விழுவான்?" என்று கேட்டாள். மாடி பஸ்ஸில் எந்தத் தெருவில் என்ன விளக்கு என்று பஸ்காரரையே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரயில் நிலையத்துப் பாட்டை வரி வரியாக முணுமுணுத்துப் பார்த்தாள். இப்படி ஆசை ஆசையாக ஒரு குழந்தை ஊர் சுற்றி நான் பார்த்ததில்லை. பிஞ்சு மனசு, தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் எப்படிச் சொல்லப்போகிறாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நீ முந்திக்கொள்.

உன் பேச்சை மீறிவிட்டேன். மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

பிள்ளைகளின் அப்பா


டிசம்பர் 27

வாண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கை வீட்டுக்காரர் நேற்று சாயங்காலம்தான் கொடுத்தார். பயிற்சியில் கொடுத்த புத்தகத்துக்குள் செருகி வைத்து மறந்துவிட்டாராம். அதற்குள் கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது.

வாண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். சிரித்துக்கொண்டே வந்தாள். "அம்மா, அண்ணன் நல்லா இருக்கான்" என்றாள்.

எனக்கு நீங்கள் அவளிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள், எந்தப் பிள்ளையைக் காட்டினீர்கள் என்று ஒன்றும் புரியவில்லை. வாய் மட்டும் "அப்படியா" என்றது.

அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம், சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. அண்ணனும் அவளும் குட்டி ரயிலில் போனார்களாம், அண்ணன் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தானாம். பென்குயினைத் தள்ளிக்கொண்டு போய் இடது பக்கமாக விழுந்தானாம், எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டே சிரித்தானாம். மாடி பஸ்ஸில் அவளுக்குத்தான் போர்வையில் பெரிய பங்கு கொடுத்தானாம். ரயில் நிலையத்தில் பாடிய பிள்ளைகளோடு சேர்ந்து பாடினானாம், அந்தப் பாட்டையும் பாடிக் காட்டினாள். "மருந்துல கொட்டுன முடியெல்லாம் வளர்ந்துடுச்சும்மா. சீப்பு வச்சு வாருறான்" என்றாள். தங்கை தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டு, உள்ளே போனதா என்று நாம் பார்ப்போமே, அப்படிப் பார்க்கிறாள். நான் சிரித்தால் அடுத்ததைச் சொல்கிறாள். நான் சும்மா இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறாள். பிஞ்சு மனசு தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தேறவில்லை. எனக்குச் சொல்வதற்காக ஊர் சுற்றியிருக்கிறாள்.

நேற்று கடிதத்தைப் படித்து முடித்ததும் அவளைப் போய்ப் பார்த்தேன். படுக்கையில் உட்கார்ந்து கால் நகத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், அண்ணன்" என்று ஆரம்பித்தாள். அவள் வாயைக் கையால் பொத்தினேன். "எனக்குத் தெரியும்டா கண்ணு" என்றேன்.

முதலில் உங்கள்மேல்தான் கோபம். "அப்பா சொல்லிட்டாரா? சொல்லாதீங்கன்னு அவ்ளோ சொன்னேன்! அவரால ஒண்ணைக்கூட மனசுல வச்சுக்க முடியாது" என்று கத்தினாள். இல்லை, அப்பா சொல்லித் தெரியவில்லை, நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், அவன் தலை என் மடியில்தான் இருந்தது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எல்லாம் வந்துவிட்டது. அவளும் அழுவாள், கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் சொன்னாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. சித்திக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். சித்தப்பாவுக்கு? தெரியும். அப்புறம் சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"அப்போ அண்ணன் செத்தது எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சித்தியோடும் பேசவில்லை. ராத்திரி தனியாகப் பாயை எடுத்துப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். முட்டி போடவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாருங்கள். அவளைச் சமாதானப்படுத்த உங்களால் முடியுமா என்று தெரியாது. நம் இரண்டு பேர் பேச்சையும் இனி அவள் லேசில் நம்பப்போவதில்லை. ஆனாலும் வாருங்கள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் அவன் உயிரோடு இருந்தான், நேற்றுத்தான் செத்திருக்கிறான். என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

பிள்ளைகளின் அம்மா